23ஆம் பிரிவில் என்ன எழுதுவது?

கல்லூரிப் படிப்பு முடியும் முன்பே லாக்ஹீட் மார்ட்டின், நார்த்ராப் கிரம்மன் போன்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகிவிடுகிறது. வேலைக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, கிடைத்தாக வேண்டும். சில நாளில் ‘ஈ-ஆப்’ என்ற அரசுத் தளத்துக்கு இணைப்பு வருகிறது. உள்ளே எஸ்எஃப்-86 படிவம். அச்சிட்டால் நூறு பக்கத்தைத் தாண்டும். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், போன நாடுகள், உறவினர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும். உறவினர் பகுதியைப் பிள்ளைகள் அம்மாவை ஃபோனில் வைத்துக்கொண்டுதான் நிரப்புவார்கள். அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழ் எண் வேறு யாரிடம் இருக்கும்? 23ஆம் பிரிவு வந்ததும் ஃபோனை வைத்துவிடுவார்கள்.

அந்தப் பிரிவுதான் போதைப்பொருள் பற்றிக் கேட்பது. ஃபோனை வைத்த பிறகு தனியாக உட்கார்ந்து யோசிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். பெற்றோரும் படிக்கலாம். படித்தால் நல்லது, ஏனென்றால் இந்த விஷயத்தில் தவறான ஆலோசனை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல. கடற்படைத் துறைக்கும் ஈகன் என்பவருக்கும் நடந்த வழக்கில் 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே தலைகீழ்: சந்தேகம் மிச்சமிருந்தால் அதன் பலன் நாட்டின் பாதுகாப்புக்கு. ‘நான் தவறு செய்தேன் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்’ என்ற நினைப்போடு படிவத்தை நிரப்பத் தொடங்குபவர் முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறார். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்த வரிசையிலேயே நிற்க முடியாது. கிளியரன்ஸ் குடிமக்களுக்கு மட்டும்.

முடிவெடுக்கும் அதிகாரி கையில் வைத்திருக்கும் விதிநூல் ‘சீட்-4’ எனப்படுகிறது. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 தலைப்புகள்: வெளிநாட்டுத் தொடர்பு, கடன், குடி, குற்றம் என்று. அவற்றில் ‘ஹெச்’ போதைப்பொருளுக்கு, ‘ஈ’ சொந்த நடத்தைக்கு, அதாவது நேர்மைக்கு. இந்த இரண்டு எழுத்துகளையும் நினைவில் வையுங்கள். ‘ஹெச்’சில் தொடங்கும் வழக்கு ‘ஈ’யில் போய் முடிவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் சோகம்.

கஞ்சா விஷயத்தில் குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012இல் வாக்கெடுப்பு நடத்திப் பெரியவர்கள் பொழுதுபோக்குக்குக் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதித்தன. பிறகு மாநிலம் மாநிலமாக அது பரவியது. பாதுகாப்புத் துறை வேலைகள் குவிந்து கிடக்கும் வர்ஜீனியாவில் 2021 முதலும், மேரிலாந்தில் 2023 முதலும் 21 வயது நிறைந்த ஒருவர் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பது மாநிலச் சட்டப்படி குற்றமல்ல. மேரிலாந்துக் கடைகளில் ரசீதே கொடுக்கிறார்கள். ஆனால் கிளியரன்ஸ் கொடுப்பது மாநிலம் அல்ல, ஃபெடரல் அரசு. 1970ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் கஞ்சாவை ஹெராயினுடன் சேர்த்து, மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. 23ஆம் பிரிவின் தலைப்பிலேயே, மாநிலம் அனுமதித்திருந்தாலும் இந்தக் கேள்விகள் ஃபெடரல் சட்டத்தின்படிதான் என்று எழுதியிருக்கிறது. டாக்டர் கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டையும் இங்கே செல்லாது.

2018 செப்டம்பரில் ஈலான் மஸ்க் ஒரு நேர்காணலில் கேமரா முன்னாலேயே கஞ்சா புகைத்ததை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். இடம் கலிபோர்னியா, அங்கே அது சட்டப்படி செல்லும். ஆனாலும் அந்த நவம்பரில் நாசா, அவருடைய ஸ்பேஸ்எக்ஸ், போயிங் இரண்டு நிறுவனங்களிலும் பணியிடப் பாதுகாப்புப் பண்பாட்டை ஆராயக் கிளம்பியது. உலகப் பணக்காரருக்கே இவ்வளவு என்றால் புதிதாகச் சேரும் மென்பொருள் பொறியாளரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் மாறப்போகிறது, இனிக் கவலை இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. முதல் பட்டியலிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும் முன்மொழிவை நீதித்துறை 2024 மே மாதம் வெளியிட்டது உண்மைதான். ஆனால் மூன்றாவது பட்டியலில் இருப்பவையும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களே. கெட்டமினும் அனபாலிக் ஸ்டீராய்டும் அங்கேதான் இருக்கின்றன. மருந்துச்சீட்டு இல்லாமல் அவற்றைத் தொட்டவரும் ‘ஹெச்’சின் கீழ்தான் வருவார். செய்தித் தலைப்பை நம்பி யாரும் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அதற்காகப் பழைய கஞ்சா என்றாலே கதவு மூடிவிடும் என்றும் இல்லை. தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த ஆவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பர் 21 அன்று எல்லா அமைப்புகளுக்கும் அனுப்பிய குறிப்பு இதைத் தெளிவுபடுத்தியது. முன்பு எப்போதோ பொழுதுபோக்குக்காகக் கஞ்சா பயன்படுத்தியது கணக்கில் எடுக்கப்படும். ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது. அதே குறிப்பில் வேறு இரண்டு விஷயங்களும் இருக்கின்றன, நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாதவை. ஒன்று, வலிக்கும் தூக்கத்துக்கும் கடைகளில் விற்கும் சிபிடி எண்ணெய். அதில் போதை தரும் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஃபெடரல் சட்டப்படி அது கஞ்சாதான். குப்பிமேல் ஒட்டியிருக்கும் லேபிள் சொல்லும் அளவுக்கு எந்த அரசுச் சான்றும் கிடையாது. சிறுநீர்ச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்த பிறகு லேபிளைக் காட்டிப் பயனில்லை. இரண்டாவது, பங்குச் சந்தை. கஞ்சா நிறுவனப் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்கி வைத்திருப்பதும் உங்களைப் பற்றிய மதிப்பீட்டைக் குறைக்கலாம். பலதுறை மியூச்சுவல் ஃபண்டுக்குள் எங்கோ ஒரு மூலையில் அது இருந்தால் பிரச்சினை இல்லை.

இனி கேள்விகளுக்கு வருவோம். கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எதையாவது பயன்படுத்தினீர்களா என்பது முதல் கேள்வி. பயன்படுத்துவது என்றால் புகைப்பது மட்டும் அல்ல. விழுங்கியது, முகர்ந்தது, ‘சும்மா ஒரு தடவை பார்த்தேன்’ என்பது எல்லாம் சேரும். நண்பன் வீட்டில் சாப்பிட்ட பிரௌனியும் சேரும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்து சாப்பிட்டிருந்தால். வாங்கியது, விற்றது, வளர்த்தது, கைமாற்றியது பற்றித் தனியாகக் கேட்பார்கள். நான்கு பேர் காசு போட்டு ஒருவர் போய் வாங்கி வந்தால், காசு போட்டவரும் வாங்கியவர்தான். இதை விட்டுவிட்டு ‘பயன்படுத்தினேன், வாங்கவில்லை’ என்று எழுதிய பலரிடம் விசாரணை அதிகாரி நேரில் கேட்கும் முதல் கேள்வியே, பிறகு எங்கிருந்து வந்தது என்பதுதான்.

7 ஆண்டு எல்லை எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. கிளியரன்ஸ் வைத்திருந்த காலத்தில் எப்போதாவது பயன்படுத்தினீர்களா என்ற கேள்விக்கு எல்லையே இல்லை. இங்கேதான் கோடைகால இன்டர்ன்ஷிப் போன மாணவர்கள் சிக்குகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் வேலை பார்த்து ‘சீக்ரெட்’ கிளியரன்ஸ் வாங்கியிருப்பார்கள். ஆகஸ்டில் கல்லூரிக்குத் திரும்பியதும், வேலைதான் முடிந்துவிட்டதே என்று வெள்ளிக்கிழமை விருந்தில் நண்பர்களோடு சேர்ந்துகொள்வார்கள். கணினியில் அவர்கள் பெயருக்கு எதிரே தகுதி அப்படியே இருந்துகொண்டிருக்கும். சாதாரண மாணவர் செய்த அதே செயலுக்கு இவருக்குப் பல மடங்கு கனம் கூடிவிடுகிறது, ஏனென்றால் விதி தெரிந்து, கையெழுத்துப் போட்ட பிறகு செய்தது.

மருந்து மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் பிள்ளைகளில் கஞ்சாவே தொடாத பலர் இந்தக் கேள்வியில் தயங்காமல் ‘இல்லை’ என்று குறிக்கிறார்கள், தாங்கள் பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லாமல். தேர்வுக்கு முந்திய இரவு அறைத்தோழனிடம் வாங்கிப் போட்ட அடரால் மாத்திரை ஆம்ஃபெட்டமின் வகை. இரண்டாம் பட்டியல் மருந்து. அம்மாவுக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்து மிச்சமான வைகோடினை முதுகுவலிக்கு எடுத்துக்கொண்டதும் இதில் அடங்கும். பிறருக்கு எழுதிய மருந்தைத் தெரிந்து எடுப்பதும், தனக்கு எழுதிய மருந்தையே சொன்ன அளவுக்கு மீறி எடுப்பதும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

அதைவிடச் சிக்கல், ஊரிலிருந்து பெட்டியில் வரும் மருந்து. மதுரையிலோ கோவையிலோ தெரிந்த மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமலே கொடுத்த ஆல்ப்ரசோலம், ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் டானிக். இங்கே இவை அனைத்தும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ட்ரமடால் 2014 முதல் நான்காம் பட்டியலில் இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று மாமா தந்ததை இரண்டு நாள் போட்டுக்கொண்டவரை யாரும் போதைக்கு அடிமை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் எழுதாமல் விட்டு அது பிறகு வெளிவந்தால் விளக்க வேண்டியது மாத்திரையை அல்ல, மௌனத்தை.

ஹோலிப் பண்டிகைக்கு வாரணாசியில் குடித்த பாங் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் வெறும் இலையைக் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற பாங் கடைகளே அங்கே உண்டு. அமெரிக்கச் சட்டத்தின் வரையறையோ இலையையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த நாட்டில் சட்டப்படி குடித்ததை எழுத வேண்டுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளலாம். என் கருத்து: எழுதிவிடுங்கள். குறிப்புப் பெட்டியில் ஊர், பண்டிகை, கடை உரிமம் பெற்றது என்ற விவரத்தோடு இரண்டு வரி போதும். அப்படி எழுதியதால் யாருக்கும் எதுவும் போகப்போவதில்லை.

எழுதினால் வழக்குப் போடுவார்களோ என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அந்தப் பிரிவின் தொடக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். இந்தப் பிரிவில் உண்மையாகத் தரும் பதில்களும், அவற்றிலிருந்து கிடைக்கும் தகவலும் பிறகு எந்தக் குற்ற வழக்கிலும் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தப்படாது என்று அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. ‘உண்மையாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஃபெடரல் அரசிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை.

படிவத்தில் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் மூன்றையும் அதிகாரிகள் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

நிகழ்காலத்துக்கு மன்னிப்பே இல்லை. 2008இல் வந்த பாண்ட் திருத்தம், இப்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கோ அடிமையாக இருப்பவருக்கோ எந்த ஃபெடரல் அமைப்பும் கிளியரன்ஸ் தரவோ புதுப்பிக்கவோ கூடாது என்று தடை போட்டுவிட்டது. விதிவிலக்குக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆக, விண்ணப்பிக்கும் வாரம் வரை புகைத்துக்கொண்டிருந்துவிட்டு ‘இனி நிறுத்திவிடுவேன்’ என்பவர் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார். ஹெய்ன்ஸ் குறிப்பும் படிவத்தில் கையெழுத்திடும் நாளைத்தான் எல்லைக்கோடாக வைக்கிறது: அன்றுமுதல் தொடக்கூடாது என்று விண்ணப்பதாரரிடம் முன்கூட்டியே சொல்லும்படி அமைப்புகளுக்கு அது அறிவுறுத்துகிறது.

கடந்த காலத்தில்தான் பேச்சுக்கு இடமுண்டு. எத்தனை மாதம் போனால் ‘பழையது’ என்று கணக்கிடுவார்கள்? இந்தக் கேள்விக்கு விதிநூலில் எண்ணே கிடையாது. ஆறு மாதமா, ஒரு வருடமா, இரண்டா என்று இணையத்தில் ஆளுக்கொன்று சொல்வதை நம்ப வேண்டாம். எவ்வளவு காலமாயிற்று, எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில், என்ன பொருள், அப்போது வயது என்ன என்பதை எல்லாம் சேர்த்து ‘முழு மனிதர்’ என்ற கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. கல்லூரியில் நான்கைந்து முறை கஞ்சா புகைத்து, படிப்பு முடித்து இரண்டு ஆண்டு அந்தப் பக்கமே போகாமல் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. ஒரே ஒரு முறை கொகெய்ன் எடுத்தது ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் நிலைமை வேறு. வாரந்தோறும் விற்றவர் கதை இன்னும் வேறு; அதில் இந்தப் புத்தகம் உதவாது, வழக்கறிஞர் வேண்டும்.

தணிவு தரும் காரணங்கள் என்று விதிநூலே சிலவற்றைச் சொல்கிறது. தவறை ஒப்புக்கொள்வது, பழக்கமுள்ள கூட்டாளிகளிடமிருந்து விலகியிருப்பது, அந்தச் சூழலைத் தவிர்ப்பது, கடுமையான நோயின்போது வலி மருந்தில் ஏற்பட்ட பழக்கம் நோயோடு முடிந்துபோனது, சிகிச்சையை முழுதும் முடித்து மருத்துவர் நல்ல கருத்துக் கொடுத்திருப்பது. சிகிச்சைக்குப் போனதை மறைக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். மறைப்பவர்கள் தங்களுக்குச் சாதகமான ஒரே சாட்சியைத் தாங்களே கிழித்துப் போடுகிறார்கள்.

எதிர்காலத்துக்குப் படிவத்தில் ஒரு வரிதான்: இனிப் பயன்படுத்தும் எண்ணம் உண்டா? ‘ஃபெடரல் சட்டம் மாறினால் ஒருவேளை’ என்று புத்திசாலித்தனமாகப் பதில் எழுதும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஒருவேளையே மறுப்புக்குப் போதும். நிறுத்துவதாகத் தெளிவாக உறுதி தராததும் தகுதிக் குறைவாக எண்ணப்படும் என்று விதி சொல்கிறது. மாறாக, இனி எந்தப் போதைப்பொருளிலும் ஈடுபடமாட்டேன், ஈடுபட்டால் கிளியரன்ஸை ரத்து செய்ய அதுவே காரணமாகும் என்பதை அறிவேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். விதிநூலிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால் நோட்டீஸ் வந்த பிறகுதான் எழுதுகிறார்கள். முன்பே எழுதியிருந்தால் நம்ப எளிது.

குறிப்புப் பெட்டியில் எப்படி எழுதுவது? ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்: “2021 அக்டோபர் முதல் 2023 ஏப்ரல் வரை, கல்லூரி விடுதியில், நண்பர்களோடு சுமார் 8 முறை கஞ்சா புகைத்தேன். இரண்டு முறை என் பங்காக 20 டாலர் கொடுத்தேன். விற்றதில்லை. படிப்பு முடிந்தபின் பயன்படுத்தவில்லை, இனியும் மாட்டேன். அந்த நண்பர்களில் ஒருவரோடு மட்டும் இப்போதும் தொடர்பு உண்டு, அவர் என் முன்னால் புகைப்பதில்லை.” இவ்வளவுதான். மனம் திருந்திய கதை வேண்டாம். சரியான தேதி நினைவில்லாவிட்டால் ‘உத்தேசமாக’ என்று குறிக்கப் படிவத்தில் வசதி இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும் ஆசைதான் ஆபத்து. படிவத்தில் ‘இரண்டு முறை’, நேர்காணலில் ‘ஐந்தாறு முறை’, பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை அறையில் ‘இருபது இருக்கலாம்’ என்று வளர்ந்துகொண்டே போகும் எண், ஒரு சின்ன ‘ஹெச்’ வழக்கைப் பெரிய ‘ஈ’ வழக்காக மாற்றிவிடும்.

வீட்டு ஆலோசனைக்கு வருகிறேன். “ஒரு தடவைதானே கண்ணா, யாருக்குத் தெரியப்போகுது, எழுதாத விடு.” அம்மாவின் பரிவு புரிகிறது. ஆனால் அந்தப் படிவத்தில் அறைத்தோழர்கள், பக்கத்து வீட்டார், நண்பர்கள் பெயரை நீங்களேதான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். விசாரணை அதிகாரி அவர்களில் சிலரைப் போய்ப் பார்ப்பார். அவர்களிடம் இன்னும் யாரைப் பார்க்கலாம் என்றும் கேட்பார். உங்கள் நண்பர் உங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னால் அவரும் சட்டச் சிக்கலில் மாட்டுவார். இன்னொரு வழியாகவும் உண்மை வெளிவரும். இன்று ‘சீக்ரெட்’ வேலைக்கு ‘இல்லை’ என்று எழுதியவர் நான்கு ஆண்டு கழித்து என்எஸ்ஏ போன்ற உளவு அமைப்பின் வேலைக்குப் போகிறார். அங்கே பாலிகிராஃப் உண்டு. பயத்தில் பழையதை ஒப்புக்கொள்கிறார். அந்த வேலை கிடைக்காததோடு, கையில் இருந்த கிளியரன்ஸும் பழைய படிவத்தின் பொய்க்காகக் கேள்விக்குள்ளாகிறது. பாதுகாப்புத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகமான ‘டோஹா’ தன் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறது; அவற்றைப் புரட்டினால் இதே கதை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது கவனமாகப் படிக்கவும். அதிகாரி ஆதாரத்தோடு வந்து கேட்பதற்கு முன்பே, தாமதிக்காமல், தானாக முன்வந்து திருத்துபவருக்கு ‘ஈ’ பிரிவில் தணிவு உண்டு. நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடமோ, நேர்காணலுக்கு வரும் அதிகாரியிடமோ, அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகு சொன்னால் பெயர் வேறு. ‘ஆள்சேர்ப்பவர் அப்படித்தான் போடச் சொன்னார்’ என்ற பதிலை நம்பி இருக்காதீர்கள். வழக்கறிஞரோ, பாதுகாப்பு நடைமுறையில் ஆலோசனை சொல்வதையே பொறுப்பாகக் கொண்டவரோ சொல்லியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. சித்தப்பா சொன்னதற்கு இல்லை.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். குடியுரிமை விண்ணப்பமான என்-400, கைதாகாவிட்டாலும் குற்றம் எதையாவது செய்ததுண்டா என்று கேட்கும். மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சாவும் நன்னடத்தைத் தகுதியைப் பாதிக்கலாம் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் தன் கொள்கைக் கையேட்டில் சேர்த்தது. அங்கே ‘இல்லை’ என்று எழுதியவர், அதே ஆண்டுகளைச் சேர்ந்த பழக்கத்தை இங்கே ‘ஆம்’ என்று எழுதும்போது இரண்டு அரசு ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படும். இங்கே பொய் எழுதித் தப்பலாம் என்று பொருளல்ல. படிவத்தில் கை வைக்கும் முன், குடிவரவுச் சட்டம், கிளியரன்ஸ் இரண்டும் தெரிந்த வழக்கறிஞரிடம் போக வேண்டிய இடம் இது. கட்டணத்தைப் பார்க்காதீர்கள்.

கிளியரன்ஸ் தகுதியும் வேலைத் தகுதியும் வேறு வேறு என்பதைப் பலர் கலந்துகொள்கிறார்கள். எஃப்பிஐ, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஓராண்டில் கஞ்சா பயன்படுத்தியவரை எடுப்பதில்லை. மற்றப் போதைப்பொருள்களுக்கு 10 ஆண்டு. முன்பு கஞ்சாவுக்கு 3 ஆண்டாக இருந்தது, 2021இல் தளர்த்தினார்கள். இது அந்த அமைப்பின் சொந்த வேலை விதி. தனியார் நிறுவனத்தில் கிளியரன்ஸ் தேடுபவருக்கு இந்த எண்கள் பொருந்தாது. வெள்ளை மாளிகையும் 2021இல் பழைய கஞ்சா விஷயத்தில் கொஞ்சம் இளகிப் பார்த்தது. அப்படியும் அந்த மார்ச் மாதம் ஐந்து ஊழியர்கள் வேலையில் இல்லாமல் போனதை அதன் செய்தித் தொடர்பாளரே உறுதி செய்தார்.

விசாரணை முடியும் முன்பே தரப்படும் இடைக்கால கிளியரன்ஸ் மறுக்கப்பட்டால் மனம் உடைந்துவிட வேண்டாம். 23ஆம் பிரிவில் சமீபத்திய ‘ஆம்’ இருந்தால் அது மறுக்கப்படுவது சாதாரணம். அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது, இறுதி முடிவும் அது அல்ல. விசாரணை முடியும் வரை நிறுவனம் உங்களை வேறு வேலையில் வைத்திருக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதை வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இறுதி முடிவு எதிராகப் போகும் அறிகுறி, ‘காரண அறிக்கை’ என்ற பெயரில் வரும் கடிதம். எந்தப் பிரிவின் கீழ், எந்தச் செயலுக்காக என்று எண் போட்டு எழுதியிருக்கும். தனியார் நிறுவன ஊழியர் 20 நாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று பதில் எழுத வேண்டும். எழுத்திலேயே தீர்க்க விருப்பமா, டோஹா நீதிபதி முன் நேரில் விசாரணை வேண்டுமா என்றும் சொல்ல வேண்டும். நேரில் கேளுங்கள் என்பது என் யோசனை. கண்ணைப் பார்த்து நம்பக்கூடிய வாய்ப்பை நீதிபதிக்குக் கொடுத்தது போலாகும். உங்கள் மேலதிகாரி, நீங்கள் பழகுவதை நேரில் அறிந்த சகஊழியர் இவர்களின் கடிதங்கள் உதவும், ஆனால் என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்தே எழுதியிருக்க வேண்டும். கோயில் குழுத் தலைவர் ‘மிக நல்ல பையன்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதிக் கொடுப்பதால் ஒன்றும் நகராது. வழக்கறிஞர் செலவு உங்களுடையது, அரசு தராது. தோற்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக 15 நாள். அங்கேயும் இல்லையென்றால் ஓராண்டு கழித்து மீண்டும் கேட்கலாம், அந்த ஓராண்டும் போதையில்லா ஆண்டாகக் கணக்கில் சேரும்.

கிடைத்துவிட்டால்? முன்பெல்லாம் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை நடக்கும், நடுவில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இப்போது ‘தொடர் கண்காணிப்பு’ வந்துவிட்டது. கைது, வழக்கு, கடன் தவறியது போன்றவை பதிவான சில நாளிலேயே அதிகாரிகளின் திரைக்கு வந்துவிடும். கிளியரன்ஸ் உள்ள சக ஊழியர் போதைப்பொருள் பயன்படுத்துவது தெரிந்தால் அதைத் தெரிவிக்கும் கடமையும் உங்களுக்கு உண்டு, ‘சீட்-3’ விதிப்படி. கணவருக்கோ மனைவிக்கோ மாநிலச் சட்டப்படி கஞ்சா மிட்டாய் சாப்பிடும் வழக்கம் இருந்தால் அவர் சாப்பிடுவதற்காக உங்கள் கிளியரன்ஸ் தானாகப் போகாது. ஆனால் அது உங்கள் குளிர்பதனப் பெட்டியில், உங்கள் கிரெடிட் கார்டில் வாங்கியதாக இருக்கக்கூடாது. திருமணப் பேச்சு நடக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஜாதகம் பார்க்கும் வீடுகளில் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.